இல்லாத வசதிக்குப் பச்சை

கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் கம்பெனி. அங்கே மேலாளர் சடகோபன் வைத்ததுதான் சட்டம். ஈரோட்டு ஜவுளிக்கடைக்குச் செய்த பில் மென்பொருளில் விலைச்சீட்டு அச்சடிக்கும் வசதியை அவர் சேர்க்கவே இல்லை. ஆனால் சேர்த்தாயிற்று என்று கடைக்குச் சொல்லிவிட்டார். மென்பொருளைச் சோதிக்கும் தங்கமணி அதற்கென்று எழுதிய ஸ்கிரிப்டோ, ஒரு வசதி இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். இருந்து சரியாக வேலை செய்தால் பச்சை. இல்லாவிட்டால் "இல்லை, சோதிக்கவில்லை" என்று மஞ்சளில் காட்டிவிடும்.

"நாளைக்குக் கடைக்காரம்மா வர்றாங்க. எல்லாம் பச்சையா இருக்கணும். இல்லேன்னா வேற வேலை பாத்துக்கோ" என்றார் சடகோபன்.

"சரிங்க சார்" என்றாள் தங்கமணி.

மறுநாள் கடை முதலாளி பழனியம்மாள் முன்னால் ஸ்கிரிப்ட் ஓடியது. திரை முழுக்கப் பச்சை. சடகோபன் மீசையைத் தடவிக்கொண்டார். பழனியம்மாள் மட்டும் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரு வரியை வாய்விட்டுப் படித்தார்: "விலைச்சீட்டு அச்சு: சடகோபன் சார் சொன்னதால் தேர்ச்சி."

"இதென்ன கண்ணு?"

"மெஷினைக் கேட்டா இல்லைங்குதுங்க. சார் இருக்குங்கறார். சார் பேச்சைத் தட்ட முடியுமான்னு பச்சை போட்டுட்டேனுங்க" என்றாள் தங்கமணி.

பழனியம்மாள் சிரிக்காமல் சடகோபன் பக்கம் திரும்பினார். "அப்ப ஒரு சீட்டு அடிச்சுக் குடுங்க தம்பி, பாக்கலாம்."

சடகோபன் பிரிண்டரைப் பார்த்தார். பிரிண்டர் சடகோபனைப் பார்த்தது.

சாயங்காலமே மஞ்சள் வரி பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அச்சு வசதியைச் சேர்க்கும் வேலை மட்டும் சடகோபன் தலையில் விழுந்தது.