பத்து ஆம்பியர்

துறைமுகத்து இரும்புத் தூண் ஒன்று துருவேறி முறிந்தபோது, மேலே நின்ற கிரேனோடு சேர்ந்து அதை ஓட்டிய இன்னாசியும் கடலில் விழுந்து இறந்துபோனான். பழியோ, கடலில் மூழ்கித் தூண்களைச் சுத்தம் செய்யும் கூலியாள் சூசையாவின் மேல் விழுந்தது.

"ஜனவரியில சிப்பி சுரண்டுறேன்னு இவன் தூணுங்களோட பெயிண்டையே சுரண்டிட்டான். துரு வந்ததுக்கு அதுதான் காரணம்" என்றார் சீஃப் இன்ஜினியர் வேதாசலம், விசாரணையில்.

சூசையா கைகட்டி நின்றான். "கொஞ்சம் போச்சா, முழுசும் போச்சாங்கய்யா?"

"ஒரு பொட்டு மிச்சமில்ல. அப்பவே போட்டோவுல பாத்தேனே!"

"துரு ஏறாம இருக்க இரும்புக்குக் கரண்ட் குடுக்குறீங்களே, அந்தக் கணக்கை எப்ப போட்டீங்க?"

"மார்ச்சுல, நானேதான் போட்டேன். சதுர மீட்டருக்கு இருபது மில்லிஆம்பியர். தூணுங்க மொத்தம் ஐந்நூறு சதுர மீட்டருக்குப் பத்து ஆம்பியர்."

விசாரணை அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "இருபதுங்கிறது பெயிண்ட் அடிச்ச இரும்புக்கு. வெறும் இரும்புக்கு நூறு வேணும். பெயிண்ட் போனது ஜனவரியிலேயே தெரிஞ்சும், மார்ச்சுல அஞ்சுல ஒரு பங்குதான் குடுத்தீங்களா?"



அதிகாரி சூசையாவிடம் திரும்பினார். "கரண்ட் போதலன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் சார். தினமும் அந்தத் துருவைத் தொட்டுப் பாக்குறவன் நான். ஐயாகிட்ட மூணு தடவை சொன்னேன். உனக்கெதுக்குடா கணக்குன்னு சிரிச்சாரு. நாலாவது தடவை இன்னாசியையும் கூட்டிக்கிட்டுப் போய்ச் சொல்லலாம்னு இருந்தேன்."