நக்கண்ணன் பெயருக்குத் தடை

இந்தக் கதையை நான் பல வருடங்களாக முழுதாக நம்பவில்லை. சொன்னவர் ரசாயனப் பேராசிரியர் பொன்னம்பலநாதன்; பொய் பேசுகிற ஆள் இல்லை. இருந்தும் ஓர் இடம் உறுத்திக்கொண்டே இருந்தது. கேட்டபடியே சொல்கிறேன்.

முன்னொரு காலத்தில் கடலோர நாடொன்றை வீரமாறன் என்ற அரசன் ஆண்டான். எதையும் அளந்து பார்க்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. பாடகர்களை வரிசையாக நிறுத்தி, அதிக நேரம் மூச்சடக்கியவருக்கு மோதிரம் போட்டவன். அடுத்தது அறிஞர்கள் முறை.

"அரண்மனை உலைக்கூடம் இனிப் பெரிய அறிஞர் ஒருவருக்கு மட்டும்தான். எல்லோரும் எழுதிய சுவடிகளைத் தராசில் வையுங்கள்" என்றான்.

அந்த உலைக்கூடம்தான் நக்கண்ணன் என்ற அறிஞனுக்கு உலகம். வேர், பட்டை, பிசின் என்று கிடைத்ததையெல்லாம் காய்ச்சி வடித்து, உள்ளே இருப்பதைத் தனியே பிரித்தெடுப்பான். தீர விளங்கிய பிறகே எழுதுவான். அவன் சுவடிகள் ஒரு கைக்குள் அடங்கிவிட்டன.

அவைப் புலவர் விடங்கரின் சுவடிகள் வண்டி வண்டியாக வந்தன. ஒவ்வொன்றிலும் தமது முந்தைய சுவடியைத் தாமே புகழ்ந்திருந்தார். மிச்சத்தை மாணவர்கள் புகழ்ந்திருந்தார்கள். தராசு தரையைத் தட்டியது. உலையில் பாதி வடிந்துகொண்டிருந்த வேம்புச் சாற்றை நினைத்தபடி நக்கண்ணன் ஒரு மூலைக்கு ஒதுங்கினான்.

விடங்கருக்கு அது போதவில்லை. "அரசே, நம் நாட்டில் யார் அடுப்பு மூட்டினாலும், அந்தச் செய்முறையைக் கண்டவர் பெயரைச் சொல்லித்தான் மூட்டுகிறார்கள். தோற்றவன் பெயர் எதற்கு? நக்கண்ணன் பெயருக்குத் தடை போடுங்கள்."

அமைச்சர் ஆதனார் முந்திக்கொண்டார். "அருமையான யோசனை. ஆனால் போட்டி இரண்டு பேருக்கும் பொது. ஆளுக்கொரு நாள் தடை போட்டுப் பார்ப்போம். முதல் நாள் உங்களுக்கு, புலவரே."

"இது புது அளவுகோலாக இருக்கிறதே" என்று அரசன் குஷியானான்.

விடங்கர் பெயருக்குத் தடை வந்தது. சாயங்காலம் அரசன் கேட்டான்: "இன்று தடை இருந்ததா, ஆதனாரே?"

"இருந்தது, அரசே."

"யாருக்குத் தெரிந்தது?"

"புலவருக்குத் தெரிந்தது."

மறுநாள் நக்கண்ணன் முறை. அரசனுக்குச் சிவப்புத் தலைப்பாகை வரவில்லை. சாயக்காரர் கைகட்டி நின்றார்: "பெயர் சொல்லாமல் வேர் காய்ச்சினால் திருட்டு, சாமி. சொன்னால் ராஜதண்டனை. அடுப்பை அணைத்துவிட்டோம்."

அரசனின் முழங்காலுக்குத் தைலம் இல்லை. துறைமுகத்தில் மரக்கலங்களுக்குப் பூசப் பிசின் உருகவில்லை. அரசன் நொண்டிக்கொண்டே சபைக்கு வந்தான்.

அங்கே ஓர் அயல்நாட்டு வணிகர் காத்திருந்தார். "மன்னா, எங்கள் ஊரிலும் நீங்கள் இன்று தடுத்திருக்கும் பெயரைச் சொல்லித்தான் தைலம் வடிக்கிறோம். உங்கள் தடை எங்களுக்கும் உண்டா? அங்கே நோயாளிகள் காத்திருக்கிறார்கள்."

தன் பெயர் கடல் தாண்டிப் போனது நக்கண்ணனுக்கு அன்றுவரை தெரியாது. ஒரு மூலையில் ஒடுங்கி நின்றவன் முதுகை நிமிர்த்தினான். பார்த்தேயிராத ஏதோ ஓர் ஊரில், பார்த்தேயிராத ஒருவர் தினமும் தன்னை அழைத்துவிட்டு வேலை தொடங்குகிறார்.

அப்போது விடங்கரே ஓலைக்கட்டுடன் ஓடிவந்தார். ஓலையில் கீறிய எழுத்துத் தெரிவதற்காகத் தடவும் மையைக் காய்ச்சும் முறையும் நக்கண்ணன் கண்டதுதான். "அரசே, என் புதுச் சுவடி. எழுதிவிட்டேன், ஆனால் மை இல்லாததால் ஒன்றும் புரியவில்லை."

"நேற்று மை இருந்ததே," என்றார் ஆதனார். "அப்போதும் எங்களுக்கு அப்படித்தான் இருந்தது."

சபை வெடித்துச் சிரித்தது. அரசனும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தடை நீங்கியது, உலைக்கூடம் நக்கண்ணனுக்கே என்று அறிவித்தான். "புலவரே, உங்கள் சுவடிகளை வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். இம்முறை மாடு கிடையாது, நீங்களே இழுங்கள்."

"வேறு என்ன வேண்டும், நக்கண்ணா?" என்று அரசன் கேட்டான்.

"விறகு, அரசே. வேம்புச் சாறு ஆறிப்போயிருக்கும்" என்று சொல்லி, நிமிர்ந்தபடியே வெளியே நடந்தான்.

பேராசிரியர் இவ்வளவோடு நிறுத்திவிடுவார். சென்ற மாதம் அவரிடம் கேட்டேவிட்டேன்: "ஐயா, அன்றைக்கு அந்த நாட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, யார் பெயரையும் சொல்லாமல் அடுப்பு மூட்டியவர் ஒருவர்கூடவா இல்லை?"

"இருந்திருப்பார்" என்று சிரித்தார் பேராசிரியர், "ஆனால் வடித்த தைலத்தை வெளியே கொண்டுவந்ததும், இது யார் கண்ட முறை என்று கேட்டால், என்ன பெயரைச் சொல்வார்?"