வாசலில் வைத்த முட்டை

கூப்பிட்டும் வராத பிள்ளையை எப்படி வரவைப்பீர்கள்?

ஒரு சத்தம் போடுவோம். அதற்கும் அசையாவிட்டால் குச்சியைத் தேடுவோம்.

வராதது பிள்ளையின் உயிர் என்றால்?

லாவோஸ் மலைகளில் வாழும் மோங் மக்களிடம் அதற்கும் வழி உண்டு. பயந்த இடத்திலேயே உயிர் தங்கிவிடும், உடம்பு மட்டும் வீடு வந்துவிடும் என்பார்கள். வாசற்கதவைத் திறந்துவைத்து, கிண்ணத்து அரிசியில் ஒரு முட்டையை நிறுத்தி, ஊதுபத்தி கொளுத்திப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அது வீடு திரும்பும்.

யெர் அப்படித்தான் தன் மகள் மீயின் உயிரைக் கூப்பிட்டாள்.

வரவில்லை.

உயிர் கூப்பிடும் பாட்டைத் தனக்குக் கற்றுத்தரும் குருவைத் தேடி ஓடினாள். குரு கியா பன்றிகளுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள். சிஷ்யையைவிட வயதில் சின்னவள். ஆவிகள் வயது பார்த்தா குருவைத் தேர்ந்தெடுக்கின்றன?

"குருவம்மா, நீங்க சொல்லிக்கொடுத்த பாட்டுல ஒரு அடிகூட விடலை. கொம்பைப் போட்டுப் பார்த்தா, வரலை வரலைன்னே விழுது."

கொம்பு என்றால், இரண்டாகப் பிளந்த எருமைக் கொம்பு. உயிர் வந்ததா இல்லையா என்று அது விழுகிற விதத்தில் தெரிந்துவிடும்.

"பிள்ளை எப்படி இருக்கா?"

"பேச்சில்லை. ஒரு வாய் சோறில்லை. என் பாவாடையைப் பிடிச்சுக்கிட்டு மூஞ்சியையே பார்க்குறா. இப்படியே போனா எனக்குத் தங்குவாளா?"

"எங்கே பயந்தா?"

"ஓடையில."

"விழுந்துட்டாளா?"

"அவ எங்கே விழுந்தா? துணி துவைக்கும்போது நான்தான் வழுக்கிட்டேன். தண்ணி இழுத்துக்கிட்டுப் போச்சு. ஒரு வேரைப் பிடிச்சு ஏறி வந்தேன். அவ கரையில நின்னு பார்த்துக்கிட்டிருந்தா."

"ஏறி வந்து?"

"மிச்சத் துணியை அலசினேன்."

கியாவின் கை தவிட்டுக்குள் நின்றது.

"அழலையா அக்கா?"

"நல்லா கேட்டீங்க. நான் அழுதா அடுப்பை யார் மூட்டுறது?"

கியா கையைக் கழுவினாள். "நடங்க, வீட்டுக்குப் போவோம்."

வீட்டில் அரிசியும் முட்டையும் வாசலில் அப்படியே இருந்தன. யெர் வழக்கம்போல் கதவருகே போய் நின்றாள்.

"அங்கே இல்லை. உள்ளே போய் உட்காருங்க. பிள்ளையை மடியில வைங்க."

"நான் உட்கார்ந்தா அரிசியை யார்..."

"உட்காருங்க அக்கா."

கியா ஓடைப் பக்கம் திரும்பி நின்றாள். ஊதுபத்தியைக் கொளுத்தினாள்.

"யெர்! ஏ யெர்!"

யெர் பதறிப்போனாள். "குருவம்மா, பேரை மாத்திட்டீங்க! மீ! மீயைக் கூப்பிடுங்க!"

"குருவுக்கே சொல்லித்தர்றீங்களா? சும்மா இருங்க."

பிறகு கியா பாட்டாகப் பாடவில்லை. பேசினாள்.

"ஏ யெர், தண்ணி குளிருது. போதும், அந்த வேரை விடு. நீ பிழைச்சுட்டே. உன் அடுப்பு இங்கே இருக்கு, உன் பாய் இங்கே இருக்கு. எந்திரிச்சு வா."

யெர் மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கியா விடவில்லை.

"கரையில ஒருத்தி நிக்கிறா பாரு. உன்னை விட்டுட்டு வரமாட்டேங்குறா. அவ கையையும் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வா."

யெர் அழுதாள். வாய்விட்டு, மூக்கொழுக அழுதாள். மீ தன் உள்ளங்கையால் அம்மாவின் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

கியா கொம்பைப் போட்டாள். பார்த்தாள். சிரித்தாள்.

வந்த உயிர் மறுபடி போய்விடாமலிருக்க, வெள்ளை நூலை எடுத்து முதலில் யெரின் மணிக்கட்டில் கட்டினாள். அப்புறம் மீக்கு.

முட்டையை வேகவைத்து, உரித்து, யெரின் கையில் கொடுத்தாள். வீடு திரும்பியவர்களுக்குத்தான் அந்த முட்டை.

யெர் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டை என்றால் மகளுக்கு ஊட்டித்தான் அவளுக்குப் பழக்கம்.

"நீங்க சாப்பிடுங்க அக்கா."

ஒரு கடி கடித்தாள். இன்னொரு கடி.

மடியிலிருந்து மீ அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மா, எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை."