இயக்குநர் கண்ட வெடித்த நட்சத்திரம்

மலைமேல் வானாய்வகத்தில் தொலைநோக்கி இயக்கும் மரகதம், மூன்று நாளுக்கு முன் எடுத்த படத்தில், வெடித்த நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தாள். அடுத்தவர் கண்டுபிடித்ததை எல்லாம் கண்டுபிடிப்பதில் மகா மேதையான இயக்குநர் தாண்டவராயன், காபியோடு வந்து நின்றார்.

“அதுக்கு என் பேரை வைம்மா.”

“வெடிச்ச நட்சத்திரத்துக்கு வருஷமும் வரிசை எழுத்தும்தான் பேரு, சார். உலகத்துக்கு அறிவிக்கிற படிவத்துல கண்டுபிடிச்சவர் பேருக்குத் தனிக் கட்டம் இருக்கு.”

“அதுல போடு.”

“சரி, சார். வானத்துல அந்த இடம் கடைசியா என்னிக்குக் காலியா இருந்ததுன்னும் படிவம் கேக்குது.”

“நேத்து நானே பார்த்தேன். ஒண்ணுமே இல்லை!”

“படம் மூணு நாளைக்கு முந்தினது, சார். வெடிச்சது வாரக்கணக்கில் பிரகாசமா இருக்கும். நேத்து நேரா பார்த்தும் உங்க கண்ணுக்குத் தெரியலைன்னு உலகத்துக்கே அனுப்பிடவா?”

இயக்குநர் காபியை மெதுவாக உறிஞ்சினார். “உன் பேரையே போடும்மா. சின்னவங்களை நாமதானே ஊக்குவிக்கணும்!”

அவருடைய பெருந்தன்மையைப் பாராட்டி அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது. கீழே கையெழுத்து அவருடையதுதான்.