எறும்புகள் வழியில் நின்று முகம் தொடுவது ஏன்?

எறும்புகளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு புளியமரத்தடிப் புற்றை மாதாயி என்னும் எறும்பரசி ஆண்டுவந்தாள். எறும்புகள் கொண்டுவரும் தானியமெல்லாம் அங்கே ஒரு பெரிய களஞ்சியத்துக்குப் போகும். அதைக் காத்தவர் வேம்பன். தினமும் காலையில் அவர் அரசியிடம் வந்து, குவியல் நேற்றைவிட எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று சொல்வார். நாடு நன்றாக இருக்கிறது என்று அரசியும் நிம்மதியாக இருப்பாள்.

ஆனால் புற்றுக்குள் சிரிப்புச் சத்தமே கேட்பதில்லை. அரசிக்கு அது உறுத்தியது. ஒருநாள் காரணம் அறிய அவளே களஞ்சிய வாசலில் வந்து நின்றாள்.

சுள்ளி என்னும் சுமைகாரி ஒரு முழு நெல்லை இழுத்துவந்து இறக்கினாள். இறக்கிய இடத்திலேயே கால் மடங்கி விழுந்தாள். அரசி ஓடிப்போய்த் தூக்கி, என்ன நோய் என்று கேட்டாள்.

"நோயெல்லாம் இல்லை, தாயே. முந்தாநாள் சாப்பிட்டது."

அரசி நிமிர்ந்து பார்த்தாள். குவியல் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. களஞ்சியத்தை எல்லோருக்கும் திறந்துவிடச் சொன்னாள்.

வேம்பன் பதறினார். ஐப்பசி மழை நெருங்குகிறது, இப்போது வாரிக் கொடுத்தால் அப்போது பட்டினிதான் என்றார். போன பஞ்சத்தில் கூடப்பிறந்தவர்களைப் பறிகொடுத்தவர் அவர்.

"மழைக்குப் பயந்துதான் சேர்த்தோம், அண்ணே. சேர்த்தவர்களே விழுந்துவிட்டால் மழைக்கு எதிரே யார் நிற்பது?" என்றாள் அரசி.

அன்றே எல்லோருக்கும் வயிறு நிறையக் கிடைத்தது. முட்டைகளுக்கு மேட்டில் அறைகள் தோண்டியவர்களுக்கும், புற்றைச் சுற்றிக் கரை போட்டவர்களுக்கும் கூலியாகத் தானியம் போனது. ஒரே மாதத்தில் பாதிக் குவியல் காலி. வேம்பனுக்குத் தூக்கம் போயிற்று. ஆனால் இப்போது சுமை இழுத்துவரும் வரிசையின் முன்னால் ஒருத்தி சொன்ன வேடிக்கைப் பேச்சு, வாய் மாறி வாய் மாறிக் கடைசிக்கு வந்து சேர்வதற்குள் வேறொரு வேடிக்கையாகியிருந்தது. அதற்கும் சிரித்தார்கள்.

மழை வந்தது. ஏழு நாள் விடவில்லை. எட்டாம் நாள் கரை ஓரிடத்தில் உடைந்தது. முன்பென்றால் அவரவர் உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடியிருப்பார்கள். இப்போது யாரும் கூப்பிடாமலே எல்லோரும் வந்தார்கள். சுள்ளி முதலில் உடைப்பில் பாய்ந்தாள். அவள் காலைப் பிடித்து இன்னொருத்தி, அவள் காலை மற்றொருத்தி என்று தங்கள் உடம்பையே கரையாக்கி நின்றார்கள். மழை விட்டபோது ஒரு முட்டைகூட நனையவில்லை. மீதிக் குவியலும் காய்ந்தபடியே இருந்தது. புற்று முழுக்க ஒரே கும்மாளம்.

இனிமேல் குவியலின் உயரத்தைத் தன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள் அரசி. அப்படியானால் நாடு எப்படி இருக்கிறது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது என்று கேட்டார் வேம்பன்.

"எதிரே வருகிறவர்களை நிறுத்திச் சாப்பிட்டாயா என்று கேளுங்கள், அண்ணே. இல்லையென்றால் உங்கள் வாயில் இருப்பதைக் கொடுங்கள்."

வேம்பன் வெளியே வந்தார். முதலில் எதிர்ப்பட்டவள் சுள்ளி. அவர் கூச்சத்தோடு முகத்தருகே முகம் வைத்துக் கேட்டார். வயிறு நிறைந்திருக்கிறது என்ற சுள்ளி, அதையே திருப்பி அவரிடம் கேட்டாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மழை தொடங்கியதிலிருந்து குவியலையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவர் சாப்பிடவே இல்லை. சுள்ளி சிரித்துக்கொண்டே தன் வாயிலிருந்து ஊட்டிவிட்டாள்.

அன்று தொடங்கியதுதான். எவ்வளவு அவசரமாகப் போனாலும், எதிரே இன்னோர் எறும்பு வந்தால் ஒரு நொடி நின்று முகத்தோடு முகம் வைத்து விசாரித்துவிட்டுத்தான் எறும்புகள் இன்றைக்கும் வழி விலகுகின்றன.