இடைவெளி விடும் பெடல்

"அத மட்டும் எடுக்காதடா. நாம வாசிக்காததையும் வாசிக்குது."

பழைய இசைக்கருவிகள் விற்கும் கடையிலிருந்து வெளியே வந்த ஒருவன் தன் நண்பனிடம் சொன்னது அமல்தாஸின் காதில் விழுந்தது.

உள்ளே போய் அதையே கேட்டு வாங்கினார். அங்கிருந்த கிட்டார் பெடல்களில் அதுதான் மலிவு. விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று கடைக்காரர் இரண்டு தடவை சொன்னார்.

மறுநாள் கிட்டார் வகுப்பில் அதைத் தனக்குச் சொல்லித்தரும் ஜெசிந்தாவின் முன் வைத்தார். அவள் வயதில் சிறியவள். ஆனாலும் மிஸ் என்றுதான் கூப்பிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவர் தனியாக வாசிக்க வேண்டும். எப்போதும் பக்கத்தில் நின்று வாசித்த லைனஸ் ஜூனில் இறந்துபோனார். அதன்பிறகு அமல்தாஸ் ஒரு பாட்டையும் முடித்ததில்லை. லைனஸ் வாசிக்கும் இடம் வந்ததும் கை நின்றுவிடும்.

"தனியா வாசிச்சா வெறிச்சுனு இருக்கு மிஸ். இது சரிப்படுமா?"

அது லூப்பர். காலால் மிதித்தால் வாசிப்பதைப் பதிந்துகொண்டு, திரும்பத் திரும்ப ஒலிக்கும். முன்பு வைத்திருந்தவர் பதிந்தது அதில் அப்படியே இருந்தது. கொஞ்சம் வாசிப்பு, பிறகு நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியில் தான் வாசித்தால் பொருந்துகிறது என்றார்.

"லைனஸ் சார் மாதிரியா?"

"இல்ல, யாரோ. ஆனா நாம வாசிக்கிறதக் கேக்குறாங்க."

"பதிஞ்சது எப்படி சார் கேக்கும்?"

"நேத்து நடுவுல தடுமாறினேன். நான் முடிக்கிறவரைக்கும் அது ஆரம்பிக்கல."

"மலிவா கிடைக்குதுன்னு பேயையும் சேத்து வாங்கிட்டீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. அவள் பெடலை மிதித்தாள்.

யாரோ நிதானமாக வாசித்தார்கள். இடைவெளி வந்தது. அமல்தாஸ் வாசிக்கக் கையை உயர்த்தினார். ஜெசிந்தா அவருடைய கிட்டார் கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

பதிவு மீண்டும் தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கவில்லை.

பெடலின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஸ்பீக்கரில் மெல்லிய இரைச்சல்.

பிறகு ஸ்பீக்கரில் ஒரே ஒரு கம்பி ஒலித்தது. கதவைத் தட்டுவதுபோல. கொஞ்சம் பொறுத்து, இன்னொரு தடவை.

அவளுடைய கை இன்னும் அவருடைய கம்பிகளின் மேல்தான் இருந்தது.

"யாருக்காகக் காத்திருக்கு?" என்று மெல்லக் கேட்டார்.

"ஜூன்லேருந்து நீங்க யாருக்காகக் காத்திருக்கீங்க?"

மூன்றாவது தடவை கம்பி ஒலித்தது.

அமல்தாஸ் அவள் கையை விலக்கினார். அந்த இடைவெளியில் வாசிக்கத் தொடங்கினார். இந்தத் தடவை அது தொடர இடம் விடாமல், பாட்டு முடிவதுபோல முடித்தார். காத்திருந்தார். ஸ்பீக்கரில் எதுவும் ஒலிக்கவில்லை.

பதிவு அழிந்து சிவப்பு விளக்கு அணையும்வரை பெடலை மிதித்துப் பிடித்தார். கேபிளை அதிலிருந்து உருவி, நேராக ஆம்ப்ளிஃபயரில் செருகினார்.

ஞாயிற்றுக்கிழமைப் பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தார். லைனஸ் வாசிக்கும் இடம் வந்தது.

அதையும் அவரே வாசித்தார்.