ஆகோரில் ஒரு வாசல்

போதகர் எல்தாத்தின் சீடர்களில் மல்கியாதான் மூத்தவன். போதகரைவிடவே மூத்தவன். நரைத்த பிறகு படிக்க வந்தவன், தன் பயங்களையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தான்.

அவன் மகள் மில்க்காள் ஆகோர் பள்ளத்தாக்கில் ஒரு மேய்ப்பனுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். இப்போது நிறைமாதம். குழந்தை அங்கே பிறக்கவே கூடாது என்று மல்கியா ஒற்றைக் காலில் நின்றான். அவளோ கிளம்ப மறுத்தாள். நீங்கள் சொன்னால் கேட்பாள் என்று போதகரைக் கையோடு அழைத்துக்கொண்டு புறப்பட்டான்.

வழியெல்லாம் புலம்பல்தான். ஆகோர் என்ற பெயருக்கே கலக்கம் என்றுதான் பொருள். எரிகோ பட்டணம் விழுந்தபோது ஆகான் என்பவன் கடவுளுக்கென்று ஒதுக்கிய கொள்ளைப் பொருளைத் திருடித் தன் கூடாரத்தில் புதைத்தான். அதனால் அவன் ஜனங்களே அடுத்த போரில் தோற்றார்கள். அவனை அங்கேதான் கல்லெறிந்து கொன்று, மேலே கற்களைக் குவித்து, இடத்துக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அவன் பிள்ளைகளையும் விடவில்லை.

"அப்பன் செஞ்சதுக்குப் பிள்ளைங்க செத்த மண்ணு, போதகரே. என் பேரப்பிள்ளைக்கு அங்க என்ன விடியும்?"



பள்ளத்தாக்கின் முனையில் அந்தக் குவியல் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. அவ்வழியே போகிறவர்கள் ஆளுக்கொரு கல்லை எறிந்து சபித்துவிட்டுப் போவது வழக்கம். மல்கியாவும் எறிந்தான். எறிந்த பிறகுதான், மகள் வாழும் மண்ணையே சபித்துவிட்டோம் என்று உறைத்தது. அவமானமாக இருந்தது.

மில்க்காள் இருவருக்கும் மோர் கொடுத்தாள். கூடாரத்துக்குப் பக்கத்தில் வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டிக் கிடந்தது. கல்லுக்குத்தான் அவள் கணவன் மலைவரை அலைந்துகொண்டிருந்தான்.

"இங்க புல்லு இருக்கு, தண்ணி இருக்கு, அவரு இருக்காரு" என்றாள் தகப்பனிடம். "பேரு மட்டுந்தான் சரியில்ல. அதுக்காக எங்க வரச் சொல்றீங்கப்பா?"

மல்கியா போதகரைப் பார்த்தான். அவர் எழுந்து வெளியே போனார். நேரே அந்தக் குவியலுக்குப் போய், தட்டையான கல்லாக ஒன்றை உருவி, தோளில் சுமந்து வந்து அஸ்திவாரத்தருகே இறக்கினார். அடுத்த கல்லுக்குத் திரும்பினார்.

மல்கியா பதறி ஓடிக் குறுக்கே நின்றான். "ஒவ்வொண்ணும் சாபம் சொல்லி எறிஞ்ச கல்லு, போதகரே. இதை வச்சா வீடு கட்டுறது?"

"எறிஞ்சவங்க அவங்கவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க, மல்கியா" என்றார் எல்தாத். "வாசலை எந்தப் பக்கம் பார்த்து வைக்கணும்னு உன் மகளைக் கேட்டுட்டு வா."